புதிய ஓட்டுநர் எங்கே பழகுவது?

தமிழ்நாட்டில் வளர்ந்தவர்களிடம் வண்டி பழகிய இடத்தைக் கேட்டால் பெரும்பாலும் ஒரு மைதானத்தைச் சொல்வார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் பள்ளி மைதானத்துக்கோ ஏரிக்கரைக்கோ மாமா அழைத்துப் போவார். கிளட்ச்சை விடும்போதெல்லாம் வண்டி குதித்து நிற்கும், மாமா தலையில் அடித்துக்கொள்வார், ஆடு மேய்ப்பவர் வேடிக்கை பார்ப்பார்.

சிங்கப்பூரில் அதற்கு வழியில்லை. உரிமம் பெற்ற பயிற்றுநர் பக்கத்தில் இல்லாமல் பழகுநர் காரைச் சாலையில் எடுக்கக்கூடாது. மாமா 30 ஆண்டு ஓட்டியவராக இருந்தாலும் சொல்லித்தர முடியாது. அடிப்படைக் கோட்பாட்டுத் தேர்வில் தேறிய பிறகு, புக்கிட் பாத்தோக், ஊபி, உட்லண்ட்ஸ் ஆகிய இடங்களில் இருக்கும் பயிற்சி நிலையங்களில் ஒன்றில் சேரலாம். இல்லையென்றால் தனியார் பயிற்றுநரைத் தேடலாம். 1987க்குப் பிறகு பல பத்தாண்டுகளாகத் தனியார் பயிற்றுநர்களுக்குப் புதிய உரிமம் வழங்கப்படவில்லை. அதனால் அவர்கள் எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தது. நல்லவர் என்று பெயரெடுத்தவரிடம் இடம் கிடைக்கக் காத்திருக்க வேண்டும். எந்த வழியில் போனாலும் திடல் பயிற்சி அந்த நிலையங்களில்தான். 2019 டிசம்பரிலிருந்து பாவனைக் கருவியில் உட்கார்ந்து ஓட்டிப் பார்ப்பதும் கட்டாயம்.

ஒவ்வொரு மணி நேரத்துக்கும் காசு. வாரத்தில் ஆறு நாள் வேலை செய்து, ஏழாம் நாளில் பாடத்துக்குப் போகிறவர்கள் நம்மில் பலர். உரிமம் கிடைத்தால் கம்பெனி லாரியை ஓட்டலாம், சம்பளம் கொஞ்சம் கூடும் என்ற கணக்கு அவர்களுக்கு. ஆகவே எந்த மணி நேரத்தை எந்தச் சாலையில் செலவழிப்பது என்பது பொழுதுபோக்கான கேள்வி அல்ல. “ஆளில்லாத இடமாகப் பார்த்துப் பழகு” என்பதுதான் எல்லாரும் சொல்லும் பதில். அறிவியல் அதில் பாதியைத்தான் ஒப்புக்கொள்கிறது.

திடலில் கற்பது சக்கரத்தின் கணக்கு

ஆளில்லாத இடத்தில் ஏன் தொடங்க வேண்டும் என்பதற்குக் காரணம் எளிது. மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் போகும் கார் ஒரு நொடியில் கிட்டத்தட்ட 14 மீட்டர் நகர்கிறது. ஆபத்தைக் கண்டு பிரேக்கை மிதிக்க ஒரு நொடி, காய்ந்த சாலையில் வண்டி நிற்க இன்னொரு 14 மீட்டர் என்று வைத்தால், மொத்தம் 28 மீட்டர். 15 கி.மீ. வேகத்தில் இதே கணக்கு ஐந்தரை மீட்டருக்குள் முடிந்துவிடும். பிரேக் போட்டபின் ஓடும் தூரம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது; மோதினால் வெளிப்படும் ஆற்றலும் அப்படியே. 50க்கும் 15க்கும் இடையே அது 11 மடங்கு. மெதுவாகப் போகும் இடத்தில் தவறு செய்தால் ரப்பர் கூம்பு ஒன்று சாயும், அவ்வளவுதான்.

தவறு மலிவாக இருக்கும் இடத்தில்தான் மூளை துணிந்து கற்கும். மூளையின் பின்புறம் இருக்கும் சிறுமூளை, நாம் ஸ்டியரிங்கை இவ்வளவு திருப்பினால் வண்டி இவ்வளவு திரும்பும் என்று முன்கூட்டியே ஊகித்து, நடந்ததோடு ஒப்பிட்டு, வித்தியாசத்தைத் திருத்திக்கொண்டே இருக்கிறது. நூற்றுக்கணக்கான சிறு பிழைகள் அதற்குத் தீனி. வண்டியின் உருவம் உடம்பின் நீட்சியாக மாறுவது இப்படித்தான்.

திடலில் பலரையும் அழவைப்பது ‘எஸ்’ வளைவும் அதற்கடுத்த செங்கோண வளைவுகளும். முன்சக்கரம் அழகாகத் திரும்பிவிடும், பின்சக்கரம் ஓரக்கல்லில் ஏறிவிடும். தேர்வில் ஓரக்கல்லின் மேல் ஏறினால் அங்கேயே தோல்வி. இது கைத்திறமைக் குறைவு என்று பழகுநர்கள் நினைக்கிறார்கள். உண்மையில் இது பித்தாகரஸ் தேற்றம். சைக்கிளை ஈரத்தில் நனைத்து, காய்ந்த தரையில் வளைத்து ஓட்டிப் பாருங்கள்: இரண்டு தடங்கள் விழும். பின்சக்கரத் தடம் எப்போதும் உட்பக்கமாக இருக்கும். காரிலும் அப்படியே. வளைவின் மையப் புள்ளி, உள்பக்கப் பின்சக்கரம், உள்பக்க முன்சக்கரம் மூன்றும் ஒரு செங்கோண முக்கோணம். முன்சக்கரத்துக்கும் மையத்துக்கும் இடையே 5 மீட்டர், முன்பின் சக்கரங்களுக்கு இடையே 2.6 மீட்டர் என்றால், பின்சக்கரம் மையத்திலிருந்து 4.27 மீட்டரில்தான் போகும். அதாவது முன்சக்கரம் போன பாதையைவிட 73 சென்டிமீட்டர் உள்ளே. இந்த முக்கால் மீட்டரை மனத்தில் வைத்துக்கொண்டு, வளைவில் வெளிப்பக்கமாக ஒதுங்கிப் போனால் போதும். இதைக் கற்க ஆளில்லாத இடம் வேண்டும், குறுகலான கோடுகளும் வேண்டும். பரந்த வெட்டவெளியில் பின்சக்கரம் எங்கே போகிறது என்று சொல்ல எதுவும் இருக்காது. மாமாவின் மைதானத்தில் இருந்த குறை அது.

கண் எங்கே பார்க்கிறது

கைகள் பழகிய பிறகு வேறு பிரச்சினை வருகிறது. நமது கண்ணில் மிகத் தெளிவாகத் தெரியும் பகுதி மிகச் சிறியது. கையை நீட்டிக் கட்டைவிரலைப் பாருங்கள். ஏறக்குறைய அந்த நகத்தின் அகலம்தான். மற்றதெல்லாம் மங்கல். ஆகவே சாலையில் எதைப் பார்க்கிறோம் என்பது, எங்கே பார்க்கத் தெரியும் என்பதைப் பொறுத்தது.

1972இல் அமெரிக்காவின் ஒஹையோவில் மோரன்ட், ராக்வெல் என்ற இரு ஆய்வாளர்கள் புதிய ஓட்டுநர்களின் கண் அசைவைப் பதிவு செய்தார்கள். அனுபவசாலிகளின் பார்வை தூரத்திலும் இருபுறமும் கண்ணாடிகளிலும் மேய்ந்துகொண்டிருந்தது. புதியவர்களின் பார்வையோ வண்டியின் மூக்குக்கு முன்னால், சின்ன வட்டத்துக்குள் சிக்கியிருந்தது. கண்ணாடிகளை அவர்கள் குறைவாகவே பார்த்தார்கள். காரணம் சோம்பல் அல்ல. கோட்டுக்குள் வண்டியை வைத்திருக்கவே மூளையின் கவனம் முழுதும் செலவாகிவிடுகிறது.

1994இல் மைக்கல் லேண்டும் டேவிட் லீயும் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் ஒரு வளைவான மலைச்சாலையில் செய்த ஆய்வு இன்னும் சுவையானது. வளைவில் திரும்பும் ஓட்டுநர்களின் கண், வளைவின் உள்ளோரம் வெளியே துருத்திக்கொண்டிருப்பதுபோல் தெரியும் புள்ளியை நாடியது. அதுவும் வளைவை அடைவதற்கு ஒன்றிரண்டு நொடிகள் முன்பே. “போகவேண்டிய இடத்தைப் பார், கை தானாக வரும்” என்று பழைய பயிற்றுநர்கள் சொல்வதை ஆய்வுக்கூடம் உறுதி செய்தது என்று சொல்லலாம்.

இந்தப் பாடத்துக்குத் திடல் உதவாது. பார்க்க வேண்டியது எதுவுமே அங்கே இல்லை. கண்ணுக்குப் பயிற்சி தர, கொஞ்சம் நடமாட்டமுள்ள மெதுவான சாலை வேண்டும். குடியிருப்புப் பேட்டைகளின் உட்சாலைகள் இதற்குச் சரியானவை: பேருந்து நிறுத்தம், பாதசாரிக் கடப்பு, கார் நிறுத்துமிடத்திலிருந்து திடீரென்று வெளியே வரும் வாகனம். முதியோர் அதிகமுள்ள வட்டாரங்களில் வேக வரம்பைக் குறைத்து, சாலையை வேண்டுமென்றே வளைத்து அமைத்திருக்கிறார்களே, அந்த வெள்ளி வட்டாரங்கள் புதியவருக்கு அருமையான பள்ளிக்கூடம். ஆனால் காலை 7 மணிக்குப் பள்ளி வாசல் வழியாகப் போய்த்தான் பழக வேண்டும் என்பதில்லை.

ஒரே தடத்தை 20 முறை

ஊபியிலோ புக்கிட் பாத்தோக்கிலோ தேர்வுக்குத் தயாராகிறவர்கள் தேர்வுப் பாதைகளை மனப்பாடம் செய்வார்கள். எந்த மரத்தருகே சமிக்ஞை விளக்கைப் போடுவது, எந்தத் தூணைக் கண்டதும் தடம் மாறுவது என்றெல்லாம் வாய்ப்பாடு உண்டு. 18 புள்ளிகளுக்கு மேல் இழந்தால் தோல்வி என்ற தேர்வில் இது புரிந்துகொள்ளக்கூடிய தந்திரம்தான். ஆனால் நினைவில் நிற்பதற்கு இது மோசமான வழி.

1979இல் ஷே, மார்கன் என்ற இருவர் செய்த சோதனையில், கையால் சிறு தடுப்புகளை வெவ்வேறு வரிசையில் தட்டிவிடும் மூன்று வேலைகளைக் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு குழு ஒரு வேலையை முழுக்க முடித்துவிட்டு அடுத்ததற்குப் போனது. இன்னொரு குழு மூன்றையும் கலந்துகட்டிப் பழகியது. பயிற்சியின்போது முதல் குழுவே கெட்டிக்காரர்களாகத் தெரிந்தார்கள். பிறகு சோதித்தபோது நிலைமை தலைகீழ்: கலந்து பழகியவர்களுக்கே அதிகம் நினைவிருந்தது. ஒவ்வொரு முறையும் மூளை “இப்போது என்ன செய்வது” என்று புதிதாக யோசிக்க வேண்டியிருப்பதே காரணம் என்று கருதப்படுகிறது.

அதனால், பாடத்துக்கு 100 நிமிடங்கள் இருந்தால் பக்கவாட்டு நிறுத்தத்தையே 20 முறை செய்வதைவிட, நான்கு முறை நிறுத்தி, சாலைக்குப் போய், திரும்பி வந்து மறுபடி நிறுத்திப் பார்க்கும்படி பயிற்றுநரிடம் கேளுங்கள். அன்றைக்கு மோசமாகச் செய்ததுபோல் இருக்கும். அடுத்த வாரம் பலன் தெரியும்.

உரிமம் கையில், கார் எங்கே?

சிங்கப்பூரின் உண்மையான சிக்கல் தேர்வில் தேறிய மறுநாள் தொடங்குகிறது. பத்து ஆண்டுகளுக்கு மட்டும் செல்லும் வாகன உரிமைச் சான்றிதழுக்கே 1 லட்சம் வெள்ளிக்கு மேல் போன காலமுண்டு. உரிமம் பெற்ற பலரிடம் கார் இல்லை. வாடகை நிறுவனங்கள் பல, அனுபவமில்லாதவருக்கு வண்டி தரத் தயங்கும். ஆக, அரும்பாடுபட்டுப் பழகிய கை பல மாதங்கள் சும்மா இருக்கிறது. அதோடு ஓராண்டு நன்னடத்தைக் காலம்: முக்கோணச் சின்னத்தை ஒட்டிக்கொண்டு ஓட்ட வேண்டும், 13 குற்றப் புள்ளிகள் சேர்ந்தால் உரிமம் போய்விடும், மீண்டும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

கனடாவின் நோவா ஸ்கோஷியா மாநிலத்தில் புதிய ஓட்டுநர்களின் விபத்துகளை மாதவாரியாகக் கணக்கெடுத்த ஆய்வு 2003இல் வெளியானது. தனியாக ஓட்டத் தொடங்கிய முதல் மாதத்தில்தான் விபத்துகள் மிக அதிகம். அடுத்த ஆறேழு மாதங்களில் மளமளவென்று குறைந்தது. யாராவது பக்கத்தில் இருக்கும்வரை வராத ஆபத்து, தனியாக உட்கார்ந்தவுடன் வருகிறது. சுவீடன் 1993இல், பழகத் தொடங்கும் வயதைப் பதினேழரையிலிருந்து 16க்குக் குறைத்தது. உரிமம் பெறும் வயதை 18ஆகவே வைத்தது. கிடைத்த கூடுதல் காலத்தில் பெற்றோருடன் நிறைய ஓட்டிப் பழகியவர்களுக்குப் பின்னாளில் விபத்து குறைவாக இருந்தது. நமக்கு அந்த வாய்ப்பு உரிமத்துக்கு முன் இல்லை, பின்தான் உண்டு. உரிமம் வந்தபிறகு மாமாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ள எந்தத் தடையும் இல்லை. முதல் சில மாதங்களுக்கு அதைச் செய்யுங்கள். அவர் கத்தாமல் இருப்பது உங்கள் குடும்ப விவகாரம்.

எங்கே போவது? முதலில், பகல் நேரத்தில் வீவக அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடத்தின் மேல்தளம். வேலைநாளில் பாதிக்கு மேல் காலியாக இருக்கும், கூரையில்லாத தளத்தில் யாரும் விரும்பி நிறுத்தமாட்டார்கள். ஏறும் வழியில் வரும் வளைவு சரிவுப்பாதை, அந்த 73 சென்டிமீட்டரை மறக்காமல் பார்த்துக்கொள்ளும். ஒரு நிறுத்தக் கட்டம் 2.4 மீட்டர் அகலம். நடுத்தரக் கார் 1.8 மீட்டர். சரியாக நடுவில் நிறுத்தினால் இருபக்கமும் 30 சென்டிமீட்டர் மிஞ்சும். பின்னோக்கி நுழைப்பது ஏன் சுலபம் என்பதை இங்கே செய்து பார்த்தே தெரிந்துகொள்ளலாம்: திரும்பாத சக்கரங்கள் முதலில் கட்டத்துக்குள் போய்விடும், திரும்பும் சக்கரங்கள் வெளியே அகலமான இடத்தில் இருந்துகொண்டு வண்டியை நேராக்கும். ஃபோர்க்லிஃப்டின் சக்கரங்கள் பின்னால் திரும்புவதும் இதே காரணத்துக்காகத்தான்.

அடுத்து, ஞாயிற்றுக்கிழமையில் தொழிற்பேட்டைச் சாலைகள். காக்கி புக்கிட், செனோக்கோ, துவாஸ் போன்ற இடங்களில் வார நாளில் லாரிகள் வரிசைகட்டும். ஞாயிறன்று சந்திப்புகளும் சமிக்ஞை விளக்குகளும் அப்படியே இருக்க, கூட்டம் மட்டும் காணாமல் போய்விடும். ஓரத்தில் நிறுத்திய கனரக வாகனங்கள் பார்வையை மறைக்கும் என்பதை மட்டும் கவனிக்க வேண்டும். மாறாக, நீண்ட நேரான சாலையைத் தேடிப் போகாதீர்கள். லிம் சூ காங் சாலையில் 2016இல் போர் விமானங்களையே இறக்கி ஏற்றினார்கள். அவ்வளவு நேரான சாலை. விமானத்துக்கு நல்லது. புதியவருக்கு அதில் கற்க ஒன்றுமில்லை, வேகம் மட்டும் தெரியாமல் ஏறும்.

விரைவுச்சாலைதான் பெரிய தாண்டல். பழகுநர்களுக்கு அங்கே அனுமதியில்லை என்பதால், சிங்கப்பூர் ஓட்டுநர் ஒவ்வொருவரும் விரைவுச்சாலையில் முதன்முதலாக ஏறும்போது பயிற்றுநர் பக்கத்தில் இல்லாமல்தான் ஏறுகிறார். 90 கி.மீ. வேகத்தில் ஒரு நொடிக்கு 25 மீட்டர். முன்னால் போகும் வண்டிக்கு இரண்டு நொடி இடைவெளி என்றால் 50 மீட்டர், ஏறத்தாழ நான்கு பேருந்துகளின் நீளம். சாலைத் திடலில் அந்தத் தூரத்தைக் கண் பார்த்ததே இல்லை. ஞாயிறு காலையில் நகரத்துக்கு வெளியே உள்ள ஒரு பகுதியில் ஏறி, இடது தடத்திலேயே போய், அடுத்த வெளிவழியில் இறங்குங்கள். மறுபடி ஏறுங்கள். கற்க வேண்டியது ஓட்டம் அல்ல, சேர்வதும் பிரிவதும். கேபிஇயின் சுரங்கம் போன்றவற்றைச் சில வாரம் தள்ளிவையுங்கள், 9 கி.மீ. சுரங்கத்துக்குள் வழிகாட்டிச் செயலி கைவிட்டால் பதற்றம்தான் மிஞ்சும்.

வழுக்கும் சாலையில் விசேஷப் பயிற்சி எடுத்தால் என்ன என்று சிலர் கேட்பார்கள். 1979இல் நார்வே அதைக் கட்டாயமாக்கியது. வழுக்கும்போது வண்டியை மீட்பது எப்படி என்று தனித் திடலில் சொல்லிக்கொடுத்தார்கள். பிறகு கணக்கெடுத்தபோது, இளம் ஆண்களின் வழுக்குச்சாலை விபத்துகள் குறைவதற்குப் பதிலாகக் கூடியிருந்தன. திறமையைவிட நம்பிக்கை வேகமாக வளர்ந்துவிட்டது என்பதே ஆய்வாளர்கள் கண்ட விளக்கம். நமது மழைக்கு வேகத்தைக் குறைப்பதும் இடைவெளியை இரட்டிப்பாக்குவதுமே போதுமான வித்தை. மாலை இடிமழையில் பழகிய சாலையில் ஒருமுறை மெதுவாகப் போய்ப் பாருங்கள்.

தேக்காவுக்கு எப்போது?

லிட்டில் இந்தியாவில் கார் ஓட்டிவிட்டால் உலகில் எங்கும் ஓட்டலாம் என்று நம்மவர்கள் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. ஒருவழியாக ஓடும் சிராங்கூன் சாலை, கடைவீடுகளுக்கு இடையே குறுகிப்போகும் டன்லப் ஸ்திரீட், இரவு பகல் ஓயாத சையது ஆல்வி சாலை, காய்கறி இறக்கும் வேன், சைக்கிள், நிறுத்திய லாரிக்கு இடையிலிருந்து பையோடு வெளிப்படும் மனிதர். ஆபத்தை முன்கூட்டியே உணரும் திறனுக்கு இதைவிடச் செறிவான இடம் கிடைக்காது. நிறுத்திய வேனுக்கு அடியில் தெரியும் கால்களைப் பார்க்கக் கற்றவர் பாதி ஓட்டுநர்.

ஆனால் சாலையின் பெயர் ஒன்றாக இருந்தாலும், மணிக்கு மணி அது வேறு சாலை. ஞாயிறு காலை 7 மணிக்குச் சந்தைக்கு வருகிறவர்கள் மட்டும் இருப்பார்கள். அதே ரேஸ் கோர்ஸ் சாலை ஞாயிறு மாலையில் மனிதத் தலைகளால் நிறைந்திருக்கும். தீபாவளிக்கு முந்திய வாரங்களில் ஒளியலங்காரத்தை அண்ணாந்து பார்த்தபடி சாலையைக் கடப்பவர்கள் தனி. தைப்பூசத்தன்று பெருமாள் கோயிலிலிருந்து தேங்க் ரோடு வரை காவடிகளுக்கே சாலை. ஆகவே முதல் தடவை அதிகாலை, பிறகு வேலைநாளின் முற்பகல், கடைசியாக மாலை என்று ஒரே தெருவை மூன்று பாடமாக்கலாம். வார இறுதி இரவை எனக்கு விட்டால் பாடத்திட்டத்திலிருந்தே எடுத்துவிடுவேன்; அப்போது எம்ஆர்டியில் போவதுதான் புத்திசாலித்தனம்.

காரில் தேறியவர் லாரியில் ஏறும்போது

கம்பெனி லாரிக்காக உரிமம் எடுப்பவர்களைப் பற்றித் தொடக்கத்தில் சொன்னோம். மூன்றாம் வகுப்பு உரிமத்துக்கான தேர்வு காரில் நடக்கிறது. அதே உரிமத்தில் எடை குறைந்த சரக்கு வாகனத்தையும் ஓட்டலாம். அதாவது காரில் தேறிய ஒருவர், மறுவாரமே சிறிய லாரியில், பின்தட்டில் சக ஊழியர்கள் உட்கார்ந்திருக்க, புலர்காலையில் கட்டுமானத் தளத்துக்குக் கிளம்ப நேரலாம். பட்டம் பெற்ற கையும் கண்ணும் காருக்குப் பழகியவை.

கணக்கைத் திரும்பப் போடுங்கள். சக்கர இடைவெளி 3.4 மீட்டர் என்றால், அதே 5 மீட்டர் வளைவில் பின்சக்கரம் 1.3 மீட்டர் உள்ளே வரும். காரைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. அந்த 1.3 மீட்டரில்தான் நடைபாதை விளிம்பில் விளக்குக்காகக் காத்திருக்கும் ஆள் நிற்பார். இன்னொன்று: காரில் ஓட்டுநர் முன்சக்கரங்களுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறார்; தட்டையான மூக்குள்ள லாரியில் அவற்றின் மேலேயே உட்கார்ந்திருக்கிறார். காரில் பழகிய இடத்திலேயே திருப்பினால் சீக்கிரம் திருப்பியதாகிவிடும். மேலும் பின்தட்டில் சுமை இருந்தால் எடைமையம் உயரும், வளைவில் வண்டி சாயும், கடுமையாகப் பிரேக் போட்டால் இருக்கைப்பட்டை இல்லாமல் உட்கார்ந்திருப்பவர்கள் முன்னால் தூக்கி எறியப்படுவார்கள். ஓட்டுநருக்கு அது தெரியக்கூடத் தெரியாது.

இதற்கு ஏற்ற இடம் கம்பெனியின் சொந்தக் கிடங்கு வளாகம்தான். முதலாளியின் அனுமதியோடு, காப்புறுதி செல்லுமா என்று கேட்டுக்கொண்டு, அனுபவமுள்ள ஓட்டுநர் ஒருவரைக் கீழே நிற்கவைத்து, வெறும் லாரியோடு தொடங்க வேண்டும். பிறகு ஆட்களுக்குப் பதிலாக சிமெண்டு மூட்டைகளைக் கட்டி ஏற்றிப் பாருங்கள். அதே பிரேக், அதே வளைவு, வேறு வண்டிபோல் இருக்கும். பின்சக்கரத்தின் தடத்தை அறிய ஒரு வாளித் தண்ணீர் போதும். காய்ந்த சிமெண்டுத் தரையில் முன்சக்கரத்தையும் பின்சக்கரத்தையும் நனைத்துவிட்டு மெதுவாக ஒரு திருப்பம். இறங்கிப் போய் இரண்டு ஈரக்கோடுகளுக்கும் இடையே எத்தனை அடி என்று காலால் அளந்து பாருங்கள். சீக்கிரம் அளக்க வேண்டும். நம்மூர் வெயிலில் அந்தக் கோடு ஐந்து நிமிடம்கூட நிற்காது.